நியூயார்க்கில் வாசிக்கப்பட்ட முதற் கட்டுரை

நம் அய்யலூர்ப் பகுதிப் பிள்ளைகள் சிலர் இன்று ஆராய்ச்சிப் படிப்பு வரை முன்னேறியுள்ளனர். காந்திகிராமத்திலோ மதுரையிலோ கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வாய்ப்பு வருங்கால், “கற்றோர் நிறைந்த அவையில் நாம் எழுந்து பேசினால் எடுபடுமா?” என்னும் தயக்கம் அவர்களைப் பற்றிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் பொருட்டே, நூறாண்டுகளுக்கும் முந்திய ஒரு நிகழ்ச்சியை இம்மலரில் எழுத முற்பட்டேன்.

1916ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள். நியூயார்க் நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், மானிடவியல் அறிஞர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய ஆய்வரங்கில் இந்திய மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். ‘இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி’ என்பது அதன் பொருள். வாசித்தவர் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர். அப்போது அவர் டாக்டர் அல்லர். 25 வயது நிறைந்து 25 நாட்களே ஆகியிருந்தன. வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் வயதே அவருக்கு அன்று!

பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவித்தொகையைக் கொண்டு 1913இல் அமெரிக்கா சென்றவர் அவர். பொருளாதாரமே அவருடைய முதன்மைப் பாடம். எனினும் மானிடவியல் அரங்கிலே சாதியைப் பற்றிப் பேசத் துணிந்தார்.

அத்துணிவின் அளவை அக்காலச் சூழலில் வைத்துப் பார்த்தல் வேண்டும். சாதியைப் பற்றி எழுதியோர் அந்நாளில் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளும் மேனாட்டு அறிஞர்களும் மேற்சாதியினருமே. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ரிஸ்லி, மூக்கின் நீள அகலங்களை அளந்து சாதிக்கு இன அடிப்படை கற்பித்தார். யாரை அளந்தார்களோ அவர்களில் ஒருவர் எழுந்து நின்று, அளந்தவரின் கணக்குத் தவறு என்று கூறிய நாள் அது. செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகிய நால்வரின் இலக்கணங்களையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். வெறும் மறுப்புக்காக மறுக்கவில்லை. கேட்கரைப் பாராட்டிவிட்டு, அவர் கூறிய இரு இயல்புகளும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று திருத்தினார். மாற்றாரை மதித்து மறுக்கும் இப்பண்பை நம் இளைஞர்கள் ஊன்றி நோக்குதல் நன்று.

அவர் நிறுவியது என்ன? சாதியின் உயிர்நாடி தீட்டும் அன்று, தொழிலும் அன்று, இரத்தமும் அன்று, அகமணமே. ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ள வேண்டுமானால் ஆண் பெண் தொகை சமமாக இருத்தல் வேண்டும். கணவன் இறந்தால் மனைவி ‘மிகை’யாகிறாள், அவள் வெளியே மணந்தால் வேலி உடையும், உள்ளேயே மணந்தால் கன்னியர்க்கு மாப்பிள்ளை குறையும். ஆகவே அவளை உடன்கட்டை ஏற்றினர். அன்றேல் கைம்மையில் அடைத்தனர். மனைவியை இழந்த ஆணுக்கோ, மணப்பருவம் எய்தாத சிறுமியைக் கட்டிவைத்தனர். சமயப் புனிதம் என்று போற்றப்பட்ட மூன்று வழக்கங்களும் சாதி வேலியைக் காக்கும் கருவிகளே என்பதை இவ்வாறு கணக்கைப் போல விளக்கினார். சாதியின் வேர் பெண்ணின் மீது சுமத்தப்பட்ட கொடுமையில் இருப்பதை 25 வயது இளைஞர் கண்டுகொண்டார் என்பதே, என் கருத்தில், அக்கட்டுரையின் தலையாய பெருமை.

சாதியை மனு படைத்தான் என்பதையும் அவர் ஏற்கவில்லை. முன்பே இருந்ததை அவன் தொகுத்து விதியாக்கினான் என்றார். முதலில் புரோகித வகுப்பு தன் கதவை அடைத்துக்கொண்டது. அதைப் பார்த்துப் பிறரும் அடைத்தனர்; எஞ்சியோர் அடைபட்ட கதவுகளுக்கு வெளியே நின்றதனாலேயே தனிச் சாதிகளாயினர்.

தாம் பட்ட இழிவுகளைப் பற்றி அதில் அவர் ஒரு வரியும் எழுதவில்லை. இதைக் குறையாகக் கூறுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரக்கத்தைக் கேட்க அவர் அங்கே செல்லவில்லை. வாதத்தை வைக்கச் சென்றார். தம் முடிவு தவறு எனக் காட்டப்பட்டால் அதைக் கைவிடவும் ஆயத்தம் என்றே முடித்தார்.

1917 மே மாதம் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ என்னும் ஆய்விதழில் கட்டுரை அச்சேறியது. அதே ஆண்டில் பரோடா அரசுப் பணிக்குத் திரும்பிய அவருக்குக் குடியிருக்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைப் பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் ஒன்று வெளியேற்றியது. சாதியின் இயக்கத்தை உலக அறிஞர்க்கு விளக்கியவர், அன்று மாலை வரை ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

அம்முதற் கட்டுரையை அவர் மறந்தாரில்லை. 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலின் மூன்றாம் பதிப்புக்கு 1944இல் எழுதிய முன்னுரையில், இவ்விரண்டையும் ஒன்றாக்கித் திருத்தி எழுத எண்ணியிருந்ததாகவும், அதற்கு நேரம் வாய்க்கவில்லை என்றும் குறிப்பிட்டுள்ளார்.