போன்ஹோபரின் தாள்கள்: புதைக்கப்பட்டவையும் எரிக்கப்பட்டவையும்

டீட்ரிச் போன்ஹோபர் சிறையிலிருந்து எழுதிய கடிதங்களைப் படியாத இறையியல் மாணவர் நம்மிடையே அரியர். ‘சமயமற்ற கிறிஸ்தவம்’, ‘முதிர்ச்சி எய்திய உலகம்’ என்னும் அவருடைய தொடர்கள் கருத்தரங்குகளிலும் அருளுரைகளிலும் நெடுங்காலமாகவே எடுத்தாளப்பட்டு வருகின்றன. ஆயினும் அவர் அதனை ஒரு நூலாக எழுதவில்லை என்பதையும், எத்தகைய தாள்களிலிருந்து அது உருவாயிற்று என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது குறைவே. ஈண்டு அவருடைய கருத்துகளை அன்று, அவர் விட்டுச் சென்ற தாள்களின் வரலாற்றையே நோக்க முற்படுகிறோம். அவ்வரலாற்றை அறியாதவர் அக்கருத்துகளைச் சரியாக எடையிட இயலாது என்பது நம் துணிபு.

1943ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பெர்லினில் தம் பெற்றோர் இல்லத்தில் போன்ஹோபர் கைதானார். இது நிகழும் என அவர் முன்னரே எதிர்பார்த்திருந்தார். ஆகவே மறைக்கவேண்டியவற்றை மறைத்து, கெஸ்டபோ என்னும் இரகசியக் காவல் துறையினர் கண்டால் ஐயுறாத தாள்களை மட்டும் தம் மேசைமீது விட்டுவைத்தார். 1942ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், இட்லர் ஆட்சியின் பத்தாண்டுகளைத் திரும்பிப் பார்த்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. நெருங்கிய தோழர் சிலருக்கு மட்டுமே அதன் படிகள் அளிக்கப்பட்டன. அப்படிகளுள் ஒன்று அவ்வீட்டுக் கூரையின் விட்டங்களுக்கிடையே செருகி வைக்கப்பட்டிருந்தமையால், குண்டுவீச்சுகளுக்கும் சோதனைகளுக்கும் தப்பியது. இன்று சிறைக் கடிதங்களின் முகப்பில் நாம் படிப்பது அக்கட்டுரையையே.

டேகல் சிறையில் அவர் எழுதிய கடிதங்கள் இரு வகையின. பெற்றோருக்கு எழுதியவை தணிக்கையாளர் கண்ணில் பட்டே வெளிச்சென்றன. தம் மாணவரும் நண்பருமான எபெர்ஹார்ட் பெத்கேக்கு எழுதியவையோ, நல்லெண்ணம் படைத்த சிறைக் காவலர் வழியாக மறைவில் அனுப்பப்பட்டவை. 1944 ஏப்ரல் 30 முதல் தொடங்கும் புதிய இறையியற் சிந்தனை முழுவதும் இவ்விரண்டாம் வகைக் கடிதங்களிலேயே காணப்படுகின்றது. அப்பொழுது பெத்கே இத்தாலிய நாட்டில் போர்வீரராய் இருந்தார். போர்முனையில் கடிதக் கட்டுகளைச் சுமந்து திரிய எவரால் இயலும்? போன்ஹோபரே இதனை உணர்ந்து, தம் இறையியற் கடிதங்களை எறிந்துவிட வேண்டா என்றும், அவ்வப்போது அவற்றைப் பெத்கேயின் மனைவி ரெனாத்தேக்கு அனுப்பிவிடுமாறும், பின்னொரு நாள் தம் பணிக்காக அவற்றை மீண்டும் படிக்க நேரலாம் என்றும் 1944ஆம் ஆண்டு ஜூலையில் எழுதினார். ரெனாத்தே போன்ஹோபரின் தமக்கை மகள். அவர் பெற்றோரின் வீடு போன்ஹோபர் இல்லத்திற்கு அடுத்த வீடு. நச்சுப்புகை முகமூடிகளை வைக்கும் தகரக் குப்பிகளில் அக்கடிதங்கள் இடப்பட்டு, அவ்வீட்டுத் தோட்டத்தில் புதைக்கப்பட்டன.

அதே கோடையில், இக்கடிதங்களின் பகுதிகளை வேறு சில தோழருக்குக் காட்டலாமா எனப் பெத்கே வினவினார். விரும்பினால் காட்டலாம், ஆயினும் தாமாக இப்பொழுது அவ்வாறு செய்யமாட்டார் என்பது போன்ஹோபரின் மறுமொழி. ஏனெனில், எண்ணம் தெளியுமுன்னரே வாய்விட்டுச் சிந்திக்கும் துணிவு பெத்கே ஒருவரிடமே அவருக்கு இருந்தது. இம்மறுமொழியை நாம் பெரிதாக மதிக்கவேண்டும். பின்னாளில் உலகெங்கும் விவாதிக்கப்பட்ட தொடர்களை அவற்றின் ஆசிரியரே இன்னும் தெளியாதவை என்று கருதினார்.

1944 செப்டம்பரில் எழுதப்பெற்ற கடிதங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அக்டோபர் மாதத்தில் பெத்கேயும் கைதுசெய்யப்பட்டார். அவ்வேளையில் தம் கையிலிருந்த கடைசிக் கடிதங்களை அவர் எரித்துவிட்டார். தாம் எழுதவிருந்த சிறு நூலின் திட்டத்தைப் போன்ஹோபர் ஆகஸ்டு மாதத்தில் அனுப்பியிருந்தார், அத்திட்டம் உளது. அதன்படி சிறையில் அவர் எழுதிய பகுதிகளோ மறைந்தன. புதிய இறையியலின் விளக்கம் இருந்திருக்கக்கூடிய இடத்தில் நமக்கு வெறுமையே எஞ்சியுள்ளது.

எரித்தது தவறு எனச் சொல்லத் துணிவோர், அந்நாள்களில் தாள்களைப் பாதுகாத்தது எதில் போய் முடிந்தது என்பதையும் அறியவேண்டும். போன்ஹோபரின் மைத்துனர் ஹான்ஸ் ஃபான் தோனானி சட்ட அறிஞர். படைத்துறை உளவுப் பிரிவில் பணியாற்றியவர். நாட்சி ஆட்சியாளரின் குற்றங்களைச் சான்றுகளுடன் அவர் ஆண்டுக்கணக்கில் தொகுத்து வந்தார். ஆட்சி கவிழ்ந்தபின், அதனைக் கவிழ்த்தது ஏன் என்பதை நாட்டு மக்கள் முன் மெய்ப்பிக்க அச்சான்றுகள் தேவைப்படும் என்பது அவர் எண்ணம். தாம் சிறைப்பட்டபின் அவற்றை அழித்துவிடுமாறு அவர் சொல்லியனுப்பியும் அவை அழிக்கப்படவில்லை. 1944 செப்டம்பர் 22ஆம் நாள், பெர்லினுக்குத் தெற்கே சோசன் என்னும் இடத்திலிருந்த படைத்துறைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் கெஸ்டபோவினர் அவற்றைக் கண்டெடுத்தனர். அதுவரை ஐயத்திற்கு மட்டுமே உட்பட்டிருந்தவர்மீது குற்றம் உறுதியாயிற்று. அக்டோபர் 8ஆம் நாள் போன்ஹோபர் டேகலிலிருந்து கெஸ்டபோவின் நிலவறைச் சிறைக்கு மாற்றப்பட்டார். 1945 ஏப்ரல் 9ஆம் நாள் ஃபுளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். தோனானியும் அம்மாதமே கொல்லப்பட்டார். போன்ஹோபரின் தமையன் கிளவுசும், ரெனாத்தேயின் தந்தை ரூடிகர் ஷிலைகரும் அதே மாத இறுதியில் பெர்லினில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஷிலைகர் வீட்டுத் தோட்டத்தில் கடிதங்கள் புதையுண்டு கிடந்தன. அவ்வீட்டின் தலைவர் மீண்டு வரவில்லை.

உண்மைக்குச் சான்றாகச் சேர்த்தவை சேர்த்தவருக்கே எமனாயின. ஆகவே பெத்கே எரித்த சில தாள்களுக்காக நாம் வருந்தலாம். அவரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. அத்தாள்களில் எவருடைய பெயர் இருந்தது என்பதை அவரே அறிவார்.

போர் முடிந்தபின் தாள்கள் அனைத்தும் பெத்கேயின் பொறுப்பில் வந்தன. 2000ஆம் ஆண்டு அவர் மறையும்வரை அவருடைய வாழ்நாட்பணி அதுவாகவே இருந்தது எனலாம். 1949இல் ‘அறவியல்’ என்னும் நூலையும், 1951இல் சிறைக் கடிதங்களையும் அவர் வெளியிட்டார். கடிதங்களின் முதற்பதிப்பு ஒரு தெரிவே. குடும்பச் செய்திகள் பெரிதும் நீக்கப்பட்டன. கடிதங்களைப் பெற்றவர் ‘நண்பர் ஒருவர்’ என்ற அளவிலேயே நின்றார். உயிரோடிருந்தோரின் அந்தரங்கத்தைக் காத்த இச்செயல் பாராட்டத்தக்கது. ஆனால் அதற்கொரு விலையும் உண்டு. 1963இல் ஆயர் ஜான் ராபின்சன் ‘தேவனுக்கு நேர்மையாக’ என்னும் பொருள்பட்ட தம் நூலால் ஆங்கில உலகைக் கலக்கியபோது, அவர் முன் இருந்தது இத்தெரிவுப் பதிப்பே. பெற்றோரின் கடிதங்களும் பெத்கேயின் மறுமொழிகளும் சேர்ந்து விரிவான பதிப்பு வெளிவந்தது 1970இல். திறனாய்வுப் பதிப்பு வெளிவந்தது 1998இல். உரையாடலில் ஒரு குரலை மட்டும் கேட்டு, அதனையும் துண்டுகளாகக் கேட்டு, ஒரு தலைமுறை வாதிட்டது. நம் இறையியற் கல்லூரிகளில் அக்காலத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் பலவற்றையும் இதனை நினைவிற்கொண்டே படிக்கவேண்டும்.

‘அறவியல்’ நூலின் நிலை இன்னும் வியப்பானது. 1940 முதல் கைதாகும்வரை தனித்தனித் தாள்களில் எழுதப்பட்டு முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது. எந்த அதிகாரம் முன், எது பின் என்பதை ஆசிரியர் கூறிச் செல்லவில்லை. 1949இல் பெத்கே ஒரு வரிசையைத் தந்தார். 1963இல் தாமே அதனை மாற்றியமைத்தார். 1992இல் திறனாய்வுப் பதிப்பாளர், வெவ்வேறு காலங்களில் போன்ஹோபர் பயன்படுத்திய தாள்களின் வகைகளை ஆராய்ந்து மற்றொரு வரிசையை நிறுவினர். தாளின் எழுத்தைப் போலவே தாளும் பேசுகின்றது. அச்சான பின் கையெழுத்துப்படி எதற்கு என்போருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற போதகர்களின் மறைவுக்குப்பின் அவர்தம் அருளுரைக் குறிப்பேடுகள் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போகும் நம் சபைகளில் இவ்வினா அடிக்கடி எழுவதே.

போன்ஹோபரின் தாள்கள் யாவும் ஒரே கையில் இருக்கவில்லை. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மரியா ஃபான் வெடமேயர் போருக்குப்பின் அமெரிக்கா சென்று, கணிதம் பயின்று, கணிப்பொறித் துறையில் உயர்ந்தவர். 1967இல் ஒரு கட்டுரை வாயிலாகக் கடிதங்களின் சில பகுதிகளை மட்டும் அவர் வெளியிட்டார். எஞ்சியவற்றை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹோட்டன் நூலகத்தில் ஒப்படைத்து, பிறர் பார்வைக்குத் தடை விதித்தார். ஆய்வாளர் சிலர் பொறுமையிழந்தது உண்மையே. எனினும் காதற் கடிதங்கள் முதலில் எழுதப்பட்டவருக்கு உரியவை. திருச்சபையின் புகழ்பெற்ற இரத்தசாட்சி எழுதினார் என்பதனால் அவ்வுரிமை இல்லாது போகாது. மரியா 1977இல் இறந்தார். அவர் தமக்கையார் முயற்சியால் இருவர் கடிதங்களும் 1992இல் நூலாயின.

பெத்கேயிடம் இருந்த தொகுப்பிற்கு 1987இல் முறையான அட்டவணை வெளியிடப்பட்டது. 1996இல் அத்தொகுப்பு பெர்லின் அரசு நூலகத்தை அடைந்தது. அதிலும் ஒரு குறை நெடுநாள் இருந்தது. 1934 நவம்பர் 1ஆம் நாள் காந்தியார் போன்ஹோபருக்கு எழுதிய மறுமொழி இருந்தது. தாம் சிறைக்கு வெளியேயும் ஓரிடத்திலும் இருந்தால் தம்முடன் தங்கலாம், மாதம் ஆளுக்கு 100 ரூபாய் அளவில் செலவாகும், குளிர்காலம் தீருமுன் வந்தால் நலம் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. அதற்குக் காரணமான போன்ஹோபரின் கடிதத்தை மட்டும் எவரும் கண்டதில்லை. அவர் ஏன் இந்தியா வர விரும்பினார் என்பதனை ஆய்வாளர் ஊகித்தே எழுதி வந்தனர். இந்தியாவில் பாதுகாக்கப்பட்ட காந்தியார் தொடர்பான தாள்களிடையே அக்கடிதம் இருந்தது. வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா தம் காந்தி வரலாற்றுக்காக ஆராய்ந்தபோது அது வெளிப்பட்டது. அந்நூல் 2018இல் வெளிவந்தது. 1934 அக்டோபர் 17ஆம் நாள், இலண்டனில் ஜெர்மானியச் சபைக்குப் போதகராய் இருந்த 28 வயது இளைஞர் எழுதியது அது. மேலைக் கிறிஸ்தவம் மலைப்பொழிவின்மீது மறுபிறப்பு எய்தவேண்டும் என்னும் கருத்து அதில் உள்ளது. அவர் இந்தியா வரவில்லை. அடுத்த ஆண்டு ஃபிங்கன்வால்டே இறைப்பணிப் பயிற்சிக் கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். வினா ஒரு நாட்டிலும் விடை மற்றொரு நாட்டிலுமாக, அவ்விரு கடிதங்களும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன.