டோக்கன் அட்வான்ஸ் யாருக்குச் சொந்தம்?

சென்னையில வீடு தேடின எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க: "டோக்கன் போட்டுட்டா திரும்ப வராது தம்பி." வீடு பிடிச்சிருக்குன்னு ஐயாயிரம் ஜிபே பண்றோம். ரெண்டு நாள்ல வேற வீடு அமையுது. வேணாம்னு சொன்னா பணம் போச்சு. இது சட்டமா, வெறும் வழக்கமா? தேடிப் போனா கதை 1872-ல போய் நிக்குது.

டோக்கன்ங்கற பேருதான் புதுசு. நம்ம தாத்தா காலத்துல இது அச்சாரம். மாடோ நிலமோ, "வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க"ன்னு கையில வைக்கிற சின்னத் தொகை. பின்வாங்கினா அது போயிடும்ங்கறது ஊர் வழக்கம்.

1872 செப்டம்பர் 1-ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. அந்தக் கோட் இன்னும் புரொடக்‌ஷன்ல ஓடுது. நமக்கு அதுல ரெண்டு பிரிவு முக்கியம்.

பிரிவு 5: உங்க முன்மொழிவுக்கு எதிர்த்தரப்பு சம்மதம் தெரிவிக்கும் முன்னாடி நீங்க அதை வாபஸ் வாங்கலாம். ஓனர் "வீட்ல கேட்டுச் சொல்றேன்"னு இருக்கும்போதே விலகிட்டா, அங்கே ஒப்பந்தமே உருவாகலை. மீறினதா சொல்ல எதுவும் இல்லை.

பிரிவு 74: ஒப்பந்தத்தை மீறினா இவ்வளவு தரணும்னு எழுதியிருந்தாலும், கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டும்தான். எழுதின தொகை அதுக்கு உச்சவரம்பு.

இந்தப் பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் 1963-ல் தெளிவான விளக்கம் கொடுத்தது. ஃபதே சந்த் வழக்கு. டெல்லியில ஒரு பங்களா விற்பனை, விலை 1,12,500 ரூபாய். வாங்குபவர் அச்சாரமா 1,000, பிறகு 24,000 கொடுத்திருந்தார். விற்பனை முடியலை. மொத்தம் 25,000-மும் எனக்கேன்னார் விற்பவர். அச்சாரம் 1,000-ஐ வெச்சுக்கலாம், 24,000-ஐ அப்படியே பறிமுதல் பண்ண முடியாது, நஷ்டம் எங்கேன்னு கேட்டது நீதிமன்றம்.

அடுத்தது 2015, கைலாஷ்நாத் வழக்கு. 1982-ல் டெல்லி வளர்ச்சி ஆணையம் ஒரு மனையை 3.12 கோடிக்கு ஏலம் விட்டது. கைலாஷ்நாத் நிறுவனம் கட்டின 78 லட்சத்தைப் பின்னாடி பறிமுதல் பண்ணுச்சு. அதே மனையை 1994-ல் 11.78 கோடிக்கு வித்துச்சு! நிறுவனம் ஒப்பந்தத்தை மீறவே இல்லை, ஆணையத்துக்கு நஷ்டமும் இல்லைன்னு சொல்லி, 78 லட்சத்தையும் 9 சதவீத வட்டியோட திருப்பித் தரச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

சேர்த்துப் படிச்சா: சின்ன, நியாயமான அச்சாரம் ஓனர்கிட்டயே தங்க வாய்ப்பிருக்கு. ஆனா ரெண்டு மூணு மாச வாடகையைக் கட்டிட்டு விலகுறவங்ககிட்ட "எல்லாம் போச்சு"ன்னு சொல்ல முடியாது. மறுநாளே வேற ஆள் குடிவந்துட்டா, ஓனருக்கு நஷ்டம் என்ன?

வாடகைச் சட்டங்கள் இங்கே உதவுமா? தமிழ்நாட்டின் 1960 சட்டம் ஒரு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னுச்சு. ஊர் பத்து மாசம் வாங்கிச்சு. 2019 பிப்ரவரியில அமலான புதுச் சட்டம், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை மூணு மாசம்ங்குது. ரெண்டுமே குடியேறுபவரைப் பத்திப் பேசுது. டோக்கன் போட்டுட்டு விலகுறவருக்கு 1872 சட்டம்தான் துணை.

அப்புறம் ஏன் அந்த வசனம் ஜெயிக்குது? ஐயாயிரத்துக்காக யாரும் கோர்ட் ஏற மாட்டாங்க. பணம் ஏற்கெனவே ஓனர் கையில.

அதனால பணம் அனுப்பும் முன்னாடி வாட்ஸ்அப்ல மூணு வரி போடுங்க: இது எவ்வளவு, எந்தத் தேதி வரைக்கும் வீட்டை நிறுத்தி வெப்பீங்க, நான் விலகினா எவ்வளவு திரும்ப வரும். ஓனர் சரின்னு பதில் போட்ட அப்புறம் ஜிபே பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.