நியூகாசிலில் பேர் நீக்கப்பட்ட 64 பேர்

எங்கள் பக்கத்துக் கன்வென்ஷன் கூட்டங்களில் பிரசங்கியார் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்க இரட்சிக்கப்பட்ட தேதி என்ன?" சொல்லத் தெரியாதவர் தலையைக் குனிந்துகொள்வார். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் சாட்சிக்கு இழுப்பது மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியை. மெதடிஸ்டுக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற உரிமையில் அவரைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லலாம்.

1736இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு வெஸ்லி போன கப்பல் புயலில் சிக்கியது. ஆங்கிலேயர்கள் அலற, மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் பிள்ளைகுட்டிகளோடு சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலிக்கன் குருவான வெஸ்லிக்குச் சாவுபயம். தனக்கு இல்லாத ஏதோ ஒன்று இவர்களிடம் இருக்கிறது என்று அன்று பட்டது. 1738 மே 24 இரவு, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பதுக்குக் கால்மணி இருக்கையில், தன் பாவம் நீங்கிவிட்டது என்ற நிச்சயம் வந்ததாக வெஸ்லி எழுதிவைத்தார். தேதி மட்டுமா, மணியும் இருக்கிறது! நம் பிரசங்கியார்கள் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவை. 1742இல் பிரிஸ்டல் ஜெபவீட்டுக் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் சொன்னார். ஏழைகள் எங்கே போவார்கள் என்று கேட்டதற்கு, "பரம ஏழைகள் 11 பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன்" என்றார். இப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் என்று காசுக்காக வீடு வீடாகப் போனபோது வேறு சேதி வந்தது. ஒருவர் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், இன்னொருவர் குடித்திருந்தார். வசூல் வேலை விசாரணை வேலையானது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒழுங்காக நடப்பவருக்கே சபை உறுப்பினர் சீட்டு கிடைத்தது.

1743 மார்ச்சில் நியூகாசில் சபையில் 64 பேரைப் பேர் நீக்கிய வெஸ்லி, காரணத்தையும் கணக்கெழுதினார். குடிவெறிக்கு 17 பேர், சாராயம் விற்றதற்கு 2, சபித்ததற்கு 2, ஓய்வுநாளை மீறியதற்கு 2, சண்டைக்கு 3, பொய்க்கு 3, பிறரை ஏசியதற்கு 4, சோம்பலுக்கு 1, மனைவியை அடித்ததற்கு 1. மீதி 29 பேர்? விளையாட்டுத்தனமும் அசட்டையுமாம். அடித்தவன் ஒருவன்தானா, அகப்பட்டவன் ஒருவனா என்று எனக்குச் சந்தேகம். அந்த 29 பேருக்கு நடந்தது அநியாயம் என்றே படுகிறது. சிரித்துப் பேசினாலே அசட்டை என்று எழுதக்கூடிய மனிதர் அவர்.

ஆனாலும் நிச்சயத்தைப் பிரசங்கித்தவரே இந்தக் கணக்கையும் வைத்திருந்தார். விசுவாசத்தால் இரட்சிப்பு என்பது நேற்று கிடைத்தாலும் இன்று தொலையக்கூடியது என்பது அவர் எண்ணம். கிடைத்த இரட்சிப்பு தொலையாது என்று நம்பிய கால்வின் வழிக்காரர்கள் இதற்காக அவரோடு பல்லாண்டு மல்லுக்கு நின்றார்கள். நற்செயல்களை வலியுறுத்திய 1770 மெதடிஸ்டு மாநாட்டுக் குறிப்புகள் வெளிவந்தபின் சண்டை முற்றியது.

1766இல், ஆல்டர்ஸ்கேட் நடந்து 28 ஆண்டுக்குப் பிறகு, தம்பி சார்லஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் கடவுளை நேசித்ததே இல்லை என்றார் அதில். அதற்காகப் பிரசங்கத்தையும் விடவில்லை, சபை விசாரணையையும் விடவில்லை. தேதி கேட்கிற பிரசங்கியாருக்கு யாராவது இந்தக் கடிதத்தையும் வாசித்துக் காட்டுங்கள்.