இரப்போரும் வழிப்போக்கரும்: தீவகம் காட்டும் ஓர் அறநெறி

வழிச்செல்லும் ஒருவன் தன்முன் ஏந்தப்படும் கைக்கு யாது செய்தல் வேண்டும் என்னும் வினா எளியதுபோலத் தோன்றும். ஈவதா, மறுப்பதா என இரண்டனுள் ஒன்றாக அதனைச் சுருக்கிக் கூறுவோரும் உளர். ஆயின் அவ்வினாவில், வழிப்போக்கன் கொடுப்பவன் என்றும் இரப்போன் கொள்பவன் என்றும் ஒரு பிரிவு முன்னரே செய்யப்பட்டுவிடுகின்றது. அப்பிரிவு என்றும் உள்ளதன்று என்பதை ஊர்காவற்றுறையும் அதனைச் சூழ்ந்த தீவுகளும் கொண்டுள்ள வரலாறு உணர்த்துகின்றது.

நயினாதீவே மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் என அறிஞர் பலர் கொள்வர், உடன்படாதாரும் உளர். இடம் எதுவாயினும் அக்காப்பியம் கூறும் ஆபுத்திரன் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. மதுரையிலே தான் இரந்து பெற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளர் ஆகியோர்க்கு ஊட்டி, எஞ்சியதை உண்டு வாழ்ந்தவன் அவன். மழை பொழியும் நள்ளிரவொன்றில், அரிய வழி கடந்து வருந்தி வந்தோர் சிலர் அவனிடம் உணவு வேண்டினர். கொடுக்க ஏதுமின்றி அவன் கலங்கியபோதே சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தாள். அப்பாத்திரத்துக்குக் காரணமானோர் பசித்த வழிப்போக்கரே என்பது கருதத்தக்கது. அங்கே கொடுத்தவன் இரப்போன், இரந்தவர் வழிப்போக்கர்.

பின்னர் நாட்டிலே மழை வளம் பெருகிக் கொள்வார் இல்லாதொழியவே, ஆபுத்திரன் பசியுள்ள சாவக நாட்டை நாடிக் கப்பலேறினான். இடையிலே மணிபல்லவத்தில் இறங்கிய அவனை விட்டுக் கப்பல் சென்றுவிட்டது. உண்பிக்க ஒருவரும் இல்லாத தீவில் தான் மட்டும் உண்டு வாழ விரும்பாது, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பால் அவன் உயிர் துறந்தான். கொள்வோன் இன்றிக் கொடுப்போன் இல்லை என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

காப்பியத்தினின்று கல்வெட்டுக்கு வருவோம். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறை, அதாவது ஊர்காவற்றுறை, நோக்கி வரும் பரதேசிகள் காக்கப்படல் வேண்டும் என அது விதிக்கின்றது. யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் காற்கூறு அரச பண்டாரத்துக்கும் முக்காற்கூறு உடையவர்க்கும் உரியன. வாணிகப் பொருள் கொணரும் மரக்கலமாயின் பாதி பாதியாகப் பகிரப்படும். இது தூய அறக்கொடை அன்று. அரசின் வாணிக நலனும் இதில் உண்டு. எனினும், ஓர் இரவில் அனைத்தையும் இழந்து கரையேறிய அந்நியனுக்கு உரிமை ஒன்று உண்டு என அரசாணை ஏற்றுக்கொண்டமை சிறிய செய்தியன்று. அவனுக்குக் கிடைத்தது இரக்கம் அன்று, பங்கு.

யாழ்ப்பாணத்து வழக்கிலும் இவ்வுணர்வு ஊன்றியிருந்தது. தெருவோர மடம், சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல், வாயிலிலே வழிச்செல்வோர் அமர்தற்குரிய சங்கப்படலை ஆகியன யாத்திரிகன் யார், இரப்போன் யார் என வினவி நிற்கவில்லை. ஆயின் அம்மரபை மிகைப்படப் புகழ்தலும் தகாது. சாதி நோக்கி ஒதுக்கும் வழக்கம் மடங்களிலும் பந்திகளிலும் நெடுங்காலம் நிலவியது. எல்லார்க்கும் சோறு என்ற அறம் எல்லாரையும் ஒரு பந்தியில் இருத்தவில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் வந்தது. உழைக்க வல்லவராயிருந்தும் பொதுவிடத்தில் இரப்போரை அது குற்றவாளியாக்கியது. சமய நோன்பின் பொருட்டு இரக்கும் குருமாருக்கும் யாத்திரிகருக்கும் மட்டும் விலக்களித்தது. ஒரே மடத்தில் உறங்கிய இருவரைச் சட்டம் இவ்வாறு இரு கூறாக்கியது. மணிமேகலையோ அரசனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். இரப்போனைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தையும், சிறையையே உணவுச்சாலையாக்கிய காப்பியத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோர்க்கு அவற்றிடையேயுள்ள தூரம் புலனாகும். உலகின் பிற நாடுகளும் இவ்வகைச் சட்டங்களை மீளாய்வு செய்கின்றன. 2018இல் தில்லி உயர் நீதிமன்றம் இரத்தலைக் குற்றமாக்கிய விதிகளை அந்நகரளவில் செல்லாதனவாக்கியது. 2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், ஜெனீவாவில் இரந்த வறிய பெண் ஒருத்தியைத் தண்டித்தமை உரிமை மீறல் எனத் தீர்த்தது.

இத்தீவுகளின் மக்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1990களில் போரினால் தீவகத்து மக்களுட் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. நேற்று மடத்துக்கு அரிசி கொடுத்தவர் இன்று நிவாரண வரிசையில் நின்றார். வழிப்போக்கரும் இரப்போரும் மீண்டும் ஒருவரேயாயினர்.

அங்ஙனமாயின் இன்றைய யாத்திரிகன் யாது செய்வான்? கொடுத்தல் இரத்தலை வளர்க்கும் என்பர். குழந்தையின் கையிலிடும் காசு அதனைப் பள்ளியினின்று விலக்கித் தெருவிலே நிறுத்தக்கூடும் என்பது மெய்யே. திருக்குறளும் இரவு, இரவச்சம் என ஈரதிகாரம் வகுத்து, இரத்தலின் தேவையையும் அதன் கொடுமையையும் ஒருங்கே உணர்த்துகின்றது. ஆதலின் காசினும் உணவு சிறந்தது; தனிக்கையினும் யாவரும் ஒருங்கிருந்து உண்ணும் அன்னதானப் பந்தி சிறந்தது. நயினாதீவின் அன்னதான மடம் அமுதசுரபியின் பெயரையே தாங்கி நிற்பது பொருத்தமுடைத்து. எனினும், மடத்துக்குக் கொடுத்தேன் எனக் கூறி எதிர்நிற்பவன் முகத்தைக் காணாது கடத்தல் அறமாகாது. கொடுக்க இயலாதபோதும் இன்சொல் கூற இயலும். அதனினும் மேலாக, ஏந்திய கையைக் குற்றமாகக் கருதும் சட்டத்தை மாற்றுமாறு கேட்டல் கற்றோர் கடன். இரத்தல் ஒழிதல் வேண்டும். இரப்போர் ஒழிக்கப்படுதல் கூடாது.