சங்கத்தின் இதழும் தனியார் உடைமையும்: தமிழ் முரசு குறித்து ஒரு நோக்கு

மலாயாத் தமிழரின் பொதுவாழ்வில் சங்கத்தின் பணி எங்கு முடிகிறது, அதனைத் தோற்றுவித்தவரின் தொழில் எங்குத் தொடங்குகிறது என்ற வினா புதியதன்று. கோ. சாரங்கபாணி அவர்களின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதனை உருவாக்கியவருள் சாரங்கபாணி முதன்மையானவர். அச்சங்கத்தின் கொள்கை ஏடாகவே 1935 சூலை 6-ஆம் நாள் 'தமிழ் முரசு' வார இதழாக வெளிவந்தது. ஆயின் அச்சுக்கூலி, தாள்விலை, அச்சுக்கோப்போர் ஊதியம் ஆகியவை சந்தாவையும் நன்கொடையையும் காத்திருப்பவை அல்ல. 1936-இல் இதழைச் சாரங்கபாணியே தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். 1937 திசம்பரில் அது நாளிதழாயிற்று. சங்கத்தின் குரல் இவ்வாறு ஒருவரின் உடைமையாயிற்று. இதனைக் கைப்பற்றல் என்று கூறுவது பொருந்தாது; அவர் ஏற்றிராவிடில் இதழே நின்றிருக்கக்கூடும் என்பது நம் கருத்து.

எனினும் சிக்கல் அத்துடன் தீரவில்லை. 1951-இல் அவர் முன்னின்று அமைத்த தமிழர் பிரதிநிதித்துவ சபையும், அது 1952 முதல் நடத்திய தமிழர் திருநாளும் முரசின் பக்கங்களாலேயே நாடெங்கும் பரவின. பொதுப்பணிக்கு விளம்பரம் கிட்டியது. இதழுக்கு வாசகர் கிட்டினர். எது எதற்குத் துணை நின்றது எனப் பிரித்தறிதல் எளிதன்று.

நம் துறைக்கே இதில் தொடர்புண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அமையவிருந்த இந்திய இயல் துறையில் வடமொழிக்கே முதலிடம் என்ற பரிந்துரை எழுந்தபோது, தமிழுக்காக முரசு வாதாடியது. 'தமிழ் எங்கள் உயிர்' நிதியும் திரட்டப்பட்டது. ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். நீலாய் போன்ற நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் ஏடாக நாளிதழ் விளங்கிய காலம் அது. பால்மரம் வெட்டும் தொழிலாளிக்கு ஒரு வெள்ளி சிறு தொகையன்று. தனியார் இதழொன்றின் அழைப்பை நம்பி அதனை ஈவதற்கு, அவ்விதழைத் தம்முடையதாகவே அவர் கருதியிருத்தல் வேண்டும். 1956-இல் துறை தோன்றியது. நிதி தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டது. இங்குப் பொதுப்பணம் பொதுப்பணமாகவே நின்றது.

சாரங்கபாணி 1974-இல் மறைந்தார். குடும்பத்தார் வசமிருந்த இதழ் 1995-இல் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்திடம் சென்றது. 2021-இல் அந்நிறுவனத்தின் ஊடகப் பிரிவு இலாப நோக்கற்ற அமைப்பாகப் பிரிக்கப்பட்டபோது, முரசும் அதன்கீழ் வந்தது.