நிலாவுக்காக வந்த கணக்கு

பிளஸ் டூவில் மாறுவீதக் கணக்கு என்றாலே சுவரில் வழுக்கும் ஏணி, கூம்புத் தொட்டியில் ஏறும் தண்ணீர். ஒரு வீதம் தெரியும், அதை வைத்து இன்னொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இது எதற்கு என்று கேட்காத மாணவர் உண்டா?

போத்தனூரில் ரயிலேறினால் பாலக்காடு, ஷொரணூர் தாண்டி திரூர் வரும். அங்கே திருக்கண்டியூரைச் சேர்ந்தவர் நீலகண்ட சோமயாஜி (பிறப்பு 1444). 1500 வாக்கில் 'தந்திரசங்கிரகம்' எழுதினார்.

நிலா ஒரே வேகத்தில் நகர்வதில்லை. திதி முடியும் நேரம் சரியாக வேண்டுமானால் அந்தக் கணத்தின் வேகம் தெரியவேண்டும். சீராக மாறும் ஒரு கோணம். அதன் சைனை ஒரு சிறு எண்ணால் பெருக்கி நேர்மாறு சைன் எடுத்தால், நிலாவின் இடத்துக்கு உரிய திருத்தம். கோணத்தின் வீதம் தெரியும், திருத்தத்தின் வீதம் என்ன? நம் ஏணிக் கணக்கேதான்!

சைனின் வீதத்தில் கொசைன் வரும் என்பதை 1150-லேயே இரண்டாம் பாஸ்கரர் பயன்படுத்திவிட்டார். நீலகண்டர் நேர்மாறு சைனுக்கும் வீதம் தந்தார்: மேலே கொசைனும் கோண வீதமும், கீழே ஒரு வர்க்கமூலம். சங்கிலி விதியில் போட்டுப் பாருங்கள், அதே விடை வரும்.

எல்லாச் சார்புகளுக்கும் பொதுவான விதிகளை லெய்ப்னிஸ் 1684-ல் அச்சிட்டார். அந்தப் பெருமை அவருக்கே. ஆனால் எதற்கு என்ற கேள்விக்கு விடை பஞ்சாங்கத்தில் இருக்கிறது.