வெட்டவெளியான பட்டணம்

சென்னை உயர்நீதிமன்றத்தின் செங்கட்டடத்தைக் காணும்போதெல்லாம், அவ்விடத்தே முன்பு இருந்த தெருக்களையே நான் எண்ணுவேன். கோட்டையின் வடமதிலை ஒட்டி அமைந்த முதற் கறுப்பர் பட்டணம் அது. வணிகரும் துபாஷிகளும் வாழ்ந்த ஊர். கடலலை அன்று இன்றைய ராஜாஜி சாலையருகே வீசியது. துறைமுகம் எழுந்த பின்னரே விலகியது.

1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் பட்டணத்தில் ஒரு பகுதியை இடித்தனர். 1749-இல் உடன்படிக்கையால் அதைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரோ, எஞ்சியதையும் இடித்தனர்! காரணம் யாது? வீடுகள் பகைவனுக்கு மறைவிடமாகும். பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும். குடியிருந்தோரின் விருப்பத்தைக் கேட்பார் யார்? சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பின்னர் வடக்கே புதிதாக எழுந்தது.

மக்களும் வடக்கே முத்தியாலுப்பேட்டையிலும் பெத்துநாயக்கன்பேட்டையிலும் நெருங்கி வாழலாயினர். இரு பேட்டைகளுக்கும் இடையே கிடந்த பள்ளத்தைப் பாப்பம் என்னும் ஆங்கில வழக்கறிஞர் தூர்த்துச் சாலையாக்கினார். அதுவே பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. மழைநாளில் அங்கே நீர் தேங்கக் கண்டால், பழம்பள்ளம் தன் இடத்தை மறக்கவில்லை போலும் என்று நகைத்துக்கொள்வேன். 1906-இல் இப்பகுதி ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்றது.

வெட்டவெளியின் எல்லை காட்ட 1773-இல் நாட்டிய தூண்களுள் ஒன்று பாரிமுனையில் எஞ்சியுள்ளது. அதற்குத் தெற்கே எவரும் வீடு கட்டலாகாது என்பது அன்றைய ஆணை. அவ்வழியே செல்லும்போது தேடிப் பாருங்கள்.